கடைசியா என்ன பண்ணீங்க?

கம்ப்யூட்டர் திரையில் பிழைச் செய்தி வந்தால் நம்மில் பெரும்பாலோர் படிப்பதில்லை. மூடுகிற பொத்தான் எங்கே என்றுதான் கண் தேடும். அவர் படிப்பார். திரைக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோய், ஒவ்வொரு சொல்லாக, உரக்கப் படிப்பார்.

"நோ... ஸ்பேஸ்... லெஃப்ட்... ஆன்... டிவைஸ்."

படித்து முடித்துக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். பிறகு தனக்குத்தானே தமிழில் சொல்லிக்கொள்வார். "எடம் இல்லேங்குது." அப்புறம்தான் நாற்காலியில் உட்காருவார். முழுசாகப் படித்து முடிக்கும் வரை கீபோர்டில் கை வைத்து நான் பார்த்ததில்லை.

அவருடைய ஆங்கில உச்சரிப்பு பையன்களுக்கு விளையாட்டாக இருந்தது. மூன்றாம் வருஷத்துப் பையன் ஒருவன் அவரைப் போலவே விரலை நீட்டி, அவரைப் போலவே இழுத்து, "பெர்மிசன்... டினைட்..." என்று லேப் வாசலில் நடித்துக் காட்டுவான். வகுப்பே சிரிக்கும். ஒரு தடவை நானும் சிரித்தேன். அவர் உள்ளே பிரிண்டருக்குத் தாள் வைத்துக்கொண்டிருந்தார்.

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற சாலையில், வயலுக்கு நடுவில் இருந்த ஒரு கல்லூரி அது. நான் கம்ப்யூட்டர் துறையில் உதவிப் பேராசிரியர். அவர் லேப் டெக்னீஷியன், தற்காலிகப் பணி. பெண்கள் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு வந்திருந்தார். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அப்போது என் வாயில் வந்ததெல்லாம் 'நீ, வா, போ'தான். என்னைவிட இரண்டு வயதுதான் இளையவர். அதே வயதுக்காரரான கெமிஸ்ட்ரி லேப் டெக்னீஷியனை நான் 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிட்டேன். ஏன் இந்த வித்தியாசம் என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த 'எடம் இல்லேங்குது' நடந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. லேப்பில் அறுபது கம்ப்யூட்டர்கள், எல்லாம் லினக்ஸ். மாணவர்கள் எழுதுவதெல்லாம் மூலையில் ஏசி பெட்டிக்குக் கீழே இருந்த ஒரு சர்வரில் சேரும். அன்று காலையில் யாராலும் எதையும் சேமிக்க முடியவில்லை. நான் பார்த்தேன். டிஸ்கில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது.

"எடம் இருக்கே! மெசேஜ் தப்பா வருது. ரீஸ்டார்ட் பண்ணு," என்றேன்.

"இருங்க மேடம். இல்லன்னு சொல்லுதுன்னா ஏதோ ஒண்ணு இல்ல. எது இல்லன்னு பாப்போம்."

கால் மணி நேரம் தேடினார். ஏதோ ஒரு புரோகிராம் மாதக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்களாக லட்சக்கணக்கில் எழுதித் தள்ளியிருந்தது. ஒரு டிஸ்கில் இத்தனை ஃபைல்தான் இருக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அந்த எண்ணிக்கை தீர்ந்துபோயிருந்தது.

"கொள்முதல் நிலையத்துல நெல்லு கொட்ட எடம் கெடக்கும் மேடம். ஆனா டோக்கன் தீந்துபோயிருக்கும். அந்த மாதிரிதான் இது," என்றார்.

அந்த வாரத் துறைக் கூட்டத்தில் இந்தப் பிரச்சினை எப்படித் தீர்ந்தது என்று துறைத்தலைவர் கேட்டார். நான் சொன்னேன். கொள்முதல் நிலையத்தையும் டோக்கனையும்கூடச் சேர்த்துச் சொன்னேன். "பிரமாதமான உதாரணம் மேடம்," என்றார் துறைத்தலைவர். நன்றி சொல்லி உட்கார்ந்தேன். யார் கண்டுபிடித்தது என்று அவர் கேட்கவில்லை என்பது அன்று எனக்கு வசதியாக இருந்தது.

எந்தக் கம்ப்யூட்டர் கெட்டாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "கடைசியா என்ன பண்ணீங்க?"

குரலில் குற்றச்சாட்டு இருக்காது. வயிற்று வலி என்று போனால் டாக்டர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பாரே, அப்படி இருக்கும். அதற்கு எல்லோரும் சொல்லும் பதிலும் ஒன்றுதான். "ஒண்ணும் பண்ணலையே. தானா ஆயிடுச்சு." மாணவர்கள் சொல்வார்கள், ஆபீஸ் கிளார்க் சொல்வார், முதல்வரின் உதவியாளர் சொல்வார். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு உட்காருவார். கடைசியாக அடித்த கட்டளைகள் எல்லாம் மெஷினுக்குள் வரிசையாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அங்கே போய்ப் பார்ப்பார். சரிசெய்வார். எழுந்து போய்விடுவார்.

ஒருமுறை எங்கள் துறைத்தலைவரே மாட்டிக்கொண்டார். ஏதோ ஒரு ஃபைல் திறக்கவில்லை என்று, இணையத்தில் பார்த்த ஒரு கட்டளையை அப்படியே அடித்திருக்கிறார். அது தலையிலிருந்து கால் வரை மெஷினில் உள்ள எல்லா ஃபைல்களையும் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்துவிட்டது. அதன்பிறகு யாரும் அதில் வெளியிலிருந்து நுழைய முடியவில்லை. கதவைத் திறந்துபோட்ட வீட்டில் நான் காவல் இருக்க மாட்டேன் என்று, வெளியிலிருந்து வருபவர்களை உள்ளே விடும் புரோகிராம் மறுத்துவிட்டது. துறைத்தலைவர் வழக்கம்போல, "நான் ஒண்ணும் பண்ணலம்மா," என்றார். இவர் ஒரு முழு நாள் உட்கார்ந்து சரிசெய்துவிட்டு, "அப்டேட்ல வந்த பிரச்சினை சார்," என்று சொல்லிவிட்டு வந்தார்.

நான் கேட்டேன். "எதுக்கு அவரைக் காப்பாத்தின? அவர்தானே பண்ணினார்?"

"காப்பாத்தல மேடம். மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னா அடுத்த தடவ என்னைக் கூப்பிட மாட்டாரு. அவரே ஏதாவது பண்ணி மறைப்பாரு. மறைச்சா வேலை எனக்குத்தான் ஜாஸ்தி."

"அப்ப எதுக்கு எல்லார்கிட்டயும் அந்தக் கேள்விய கேக்குற? யாரும் உண்மையச் சொல்லப் போறதில்லன்னு தெரியுமே?"

"யாராவது ஒருத்தர் சொல்லுவாங்கல்ல," என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். "சொல்றதை நம்பித்தான் மேடம் ஆரம்பிக்கணும். நம்பலன்னா எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

ஒரு புயலுக்குப் பிறகு கல்லூரிக்கு மூன்று வாரம் மின்சாரம் இல்லை. தென்னை எல்லாம் சாய்ந்து, கம்பங்கள் சாய்ந்து, வாய்க்கால் மேடு எது வயல் எது என்று தெரியாமல் கிடந்தது. மின்சாரம் வந்த அன்று கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஓடின. ஆனால் ஒரு இணையதளம்கூடத் திறக்கவில்லை. நான் இரண்டு நாள் இணைய நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவரது வீட்டுக் கூரை போயிருந்ததால் மூன்றாம் நாள்தான் வந்தார். திரையில் இருந்ததை முழுசாகப் படித்தார். "நாட்... யெட்... வேலிட். இன்னும் செல்லுபடி ஆகலேங்குது." திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மெஷின்களுக்குள் இருந்த சின்ன பேட்டரி இறந்துபோய், தேதி பதினைந்து வருஷம் பின்னால் போயிருந்தது; அந்தத் தேதிக்கு இணையதளங்களின் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியை மாற்றினார். எல்லாம் திறந்தது. நான் கத்திய நிறுவனத்துக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டதும் அவர்தான். என் சார்பில்.

அந்த வாரம்தான் அவருடைய அம்மாவைப் பார்த்தேன். மகள் மறந்துவிட்டுப்போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார். லேப் வாசலில் என்னைப் பார்த்ததும் சட்டென்று இரண்டு படி கீழே இறங்கி நின்றார்.

"பெரிய வீட்டுப் பாப்பாவா? அப்பா நல்லாருக்காங்களா?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர்தான் அவர்களுக்கும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. அந்த அம்மா எங்கள் வயலில் வருஷக்கணக்கில் நடவு நட்டவர். இப்போது மூன்று மா, கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் நிலம் குத்தகைக்கு எடுத்துத் தானே பயிர் வைக்கிறார். மகளுக்கு முதல் நாளிலிருந்தே நான் யார் என்று தெரிந்திருக்கிறது. இரண்டு வருஷமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நல்லாருக்காங்க," என்றேன். மேலே வாங்க என்று சொல்லவில்லை. அவர் வந்து அம்மாவின் கையைப் பிடித்து மேலே ஏற்றி, லேப்பில் என் நாற்காலிக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார வைத்தார். நான் ஏதோ வேலை இருப்பதுபோல ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டேன்.

இவ்வளவும் சொன்னது, நான் எழுத வந்ததைத் தள்ளிப்போடத்தான் என்று நினைக்கிறேன். இனிமேல் தள்ள முடியாது.

இறுதியாண்டு மாணவர்கள் அறுபது பேர், பதினைந்து குழு. வகுப்பு ஆலோசகர் நான். பிராஜெக்ட் வைவாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. எல்லாக் குழுக்களின் வேலையும் அந்தச் சர்வரில் ஒரே ஃபோல்டருக்குள் இருந்தது. சனிக்கிழமைதோறும் அவர் அதை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் நகல் எடுத்து வைப்பார். ஆனால் ஆண்டுவிழா வீடியோவைப் போட்டு வைக்க அந்த டிஸ்கை ஆபீஸில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று வாரமாகத் திருப்பித் தரவில்லை. இரண்டு முறை எழுதிக் கேட்டிருந்தார். அந்தக் கடிதங்களில் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்ப வேண்டியவள் நான். இரண்டும் என் மேசையில் கிடந்தன.

காலை ஒன்பது மணி. சர்வரில் இடம் குறைந்துகொண்டு வந்தது. அதே ஃபோல்டருக்குள் கிடந்த பழைய வருஷத்து ஃபோல்டர்களை அழித்தால் இடம் கிடைக்கும். அவற்றின் பெயரெல்லாம் 'ஓல்டு' என்று தொடங்கும். அப்படித் தொடங்குபவற்றை அழி என்று ஒரே வரியில் சொல்லலாம்: பெயரை எழுதி, ஒட்டினாற்போல ஒரு நட்சத்திரக் குறி போட வேண்டும். நட்சத்திரம் என்றால் 'எதுவானாலும்' என்று பொருள். அழிக்கும் முன், அதே வரியைப் போட்டுப் பட்டியலை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். எனக்கு முதல் பீரியட் வகுப்பு இருந்தது. அவர் வர இன்னும் அரை மணி ஆகும். நானே அடித்தேன்.

பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. அவ்வளவுதான். 'ஓல்டு' என்று ஒன்று இருந்தால் அதை அழி, பிறகு எல்லாவற்றையும் அழி என்று ஆகிவிட்டது. உறுதிதானா என்று அது கேட்கவில்லை. கேட்காதே என்றுதான் நான் கட்டளை போட்டிருந்தேன். நாலைந்து நொடியில் முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று அமைதியாக நின்றது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றும் இல்லை.

அப்போது நான் செய்தவை இரண்டு. நான் அடித்த கட்டளைகளின் வரிசையை அழித்தேன். சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். முதலாவதை ஏன் செய்தேன் என்று எனக்குத் தெரியும். இரண்டாவதை ஏன் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கையாக இருக்கலாம்.

அவர் வந்தார். அதற்குள் முதல் பீரியட் மாணவர்கள் உட்கார்ந்து, "மேடம், எங்க ஃபோல்டரைக் காணோம்," என்று கத்த ஆரம்பித்திருந்தார்கள்.

"கடைசியா என்ன பண்ணீங்க மேடம்?"

"ஒண்ணும் பண்ணல. லாகின் பண்ணினேன். ஹேங் ஆயிடுச்சு. ரீஸ்டார்ட் பண்ணினேன்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு வழக்கம்போல, நான் சொன்னதை நம்பி ஆரம்பித்தார்.

அதில்தான் எல்லாம் கெட்டது. ஹேங் ஆகித் திடீரென்று நின்ற மெஷினுக்கு ஒரு வைத்தியம் உண்டு. டிஸ்கைச் சோதித்துச் சரிசெய்யும் புரோகிராம். அது ஒவ்வொன்றாகக் கேட்கும்: இதைச் சரிசெய்யவா? அவர் ஒவ்வொரு கேள்வியையும் படித்து 'எஸ்' கொடுத்தார். சோதனை முடிந்ததும் மாணவர்களைப் புதிதாக எழுத விட்டார். அழிந்துபோனதற்கு வைத்தியம் நேர் எதிரானது. அந்த டிஸ்கில் ஒரு எழுத்துக்கூட எழுதவிடாமல் உடனே கழற்றி வைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில், மீட்டெடுக்க இருந்த கொஞ்சமும் போய்விட்டது.

மத்தியானம் அவர் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். வேறு யாரும் இல்லை. கையில் ஒரு தாள். நிர்வாகி அதிகாரத்தோடு அடிக்கும் கட்டளை ஒவ்வொன்றையும் அந்தச் சர்வர் வேறொரு இடத்திலும் குறித்து வைக்கும். அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தாளில் என் லாகின் பெயர், நேரம், அழிக்கும் கட்டளை, அதன்பின் பதினைந்து குழுக்களின் பெயர்களும் ஒன்றன்பின் ஒன்றாக. நட்சத்திரம் எதையெல்லாம் குறித்ததோ அதையெல்லாம் பெயர் சொல்லி எழுதி வைத்திருந்தது.

"டெலீட் ஆச்சுன்னு காலையிலயே சொல்லியிருந்தா பாதியாவது எடுத்திருப்பேன் மேடம்," என்றார். அவர் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "பசங்க அழுவுறாங்க. மூணு மணிக்கு பிரின்சிபால் கூப்பிட்டிருக்காரு. நீங்களே சொல்லிடுறீங்களா?"

"சொல்றேன்," என்றேன்.

முதல்வர் அறையில் எனக்கும் துறைத்தலைவருக்கும் நாற்காலி போட்டிருந்தது. அவர் நின்றார்.

முதல்வர் அவரைத்தான் முதலில் கேட்டார். "நீ என்ன பண்ணின?"

"டிஸ்க் செக் ஓட்டினேன் சார்."

"அது என்ன பண்ணும்?"

"கெட்டுப்போன எடத்தைச் சரி பண்ணும் சார். ஒவ்வொண்ணுக்கும் சரி பண்ணவான்னு கேக்கும்."

"கேட்டதுக்கு நீ எஸ் குடுத்தியா?"

"ஆமா சார். படிச்சுட்டுத்தான் சார் குடுத்தேன்."

"எத்தனை எஸ் குடுத்த?"

"நாப்பதுக்கு மேல இருக்கும் சார்."

முதல்வர் துறைத்தலைவரைப் பார்த்தார். அந்த அறையில் அன்று, என்ன செய்தாய் என்ற கேள்விக்கு உண்மையான பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

நின்றுகொண்டிருந்த அவர் என் பக்கம் திரும்பினார். காத்திருந்தார். நான் மேசை மேலிருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தாளை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"சார், அதுக்கு முன்னாடியே அழிஞ்சிருக்கு. இதுல இருக்கு சார்."

"மேடம் மேல பழி போடுறியா?" என்றார் துறைத்தலைவர். "சர்வர் பூரா உன் கையிலதானே இருக்கு? இதை நீயே எழுதியிருக்கலாம்ல?"

முதல்வர் தாளை எடுத்துப் பார்த்தார். புரியவில்லை. என்னிடம் நீட்டினார். "நீங்க பாருங்க மேடம். இதுல என்ன போட்டிருக்கு?"

நான் வாங்கினேன். படித்தேன். என் பெயர் இருந்தது.

"தெளிவா ஒண்ணும் இல்ல சார்," என்றேன்.

பத்து வருஷம் ஆகப்போகிறது. அந்த வாக்கியத்தை நான் சொன்ன குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. நிதானமாக, படித்த குரலில் சொன்னேன். என் அப்பாவும் கல்லூரித் தாளாளரும் நண்பர்கள் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அவர் தாளைத் திருப்பி வாங்கி மடித்துக்கொண்டார். அழவில்லை. "அப்ப நான் போகலாமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குள் மாணவர்கள் புகார் மனு எழுதிவிட்டார்கள். லேப் டெக்னீஷியனின் அலட்சியத்தால் தங்கள் மூன்று வார உழைப்பு போய்விட்டதாக. அவரைப் போல நடித்துக் காட்டுவானே, அந்தப் பையன் அப்போது இறுதியாண்டு. அவன்தான் மனுவை எழுதினான். அறுபது கையெழுத்து. வகுப்பு ஆலோசகர் என்ற இடத்தில் என் கையெழுத்தும் வேண்டியிருந்தது. போட்டேன்.

அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்; வெள்ளிக்கிழமை பொறுப்பை ஒப்படைத்தார். கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை.

"இப்பவே எல்லாத்தையும் மாத்திடுங்க மேடம். நான் பாத்துக்கிட்டு நிக்கும்போதே மாத்துங்க."

"எதுக்கு?"

"நாளைக்கு வேற ஏதாவது ஆனா, அதுவும் நாந்தான்னு சொல்லக் கூடாதுல்ல."

நான் ஒவ்வொன்றாக மாற்றினேன். மாற்றும்போது திரையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். வெளியே கோடை நடவு முடிந்த வயலில் தண்ணீர் நின்றது. முடிந்தது என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். பணிச் சான்றிதழில் 'அலட்சியம் காரணமாக' என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள் என்று பிறகு கிளார்க் சொன்னார்.

மாணவர்கள் பழைய நகலிலிருந்து ஆரம்பித்து, விழுந்து எழுந்து, எப்படியோ பிராஜெக்ட்டை முடித்தார்கள். வைவா பத்து நாள் தள்ளிப்போனது. எல்லோரும் தேர்ச்சி பெற்றார்கள். இரண்டு வருஷம் கழித்து நானும் வேறு கல்லூரிக்கு மாறினேன்.

போன மாதம் என்னுடன் வேலை பார்க்கும் ஒருவர், செத்துப்போன ஹார்டு டிஸ்கிலிருந்து தன் ஆராய்ச்சி முழுவதையும் கூத்தாநல்லூரில் ஒரு பெண்மணி மீட்டுக் கொடுத்ததாகச் சொன்னார். "விசித்திரமானவங்க மேடம். டிஸ்கைக் கையில வாங்கறதுக்கு முன்னாடி, கடைசியா என்ன பண்ணீங்கன்னு கேட்டு அரை மணி நேரம் எழுதிக்கிட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடி போய் பஸ் மாறிப் போனேன். பள்ளிவாசல் தெருவில், துணிக்கடைக்கு மேலே மாடியில் கடை. இரண்டு பெண்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு வயதான அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். மலேசியாவில் இருக்கும் மகனின் கல்யாணப் படங்கள் இருந்த லேப்டாப் திறக்கவில்லை என்று அந்த அம்மா கண் கலங்க நின்றார்.

"எல்லாம் கெடைக்கும்மா. நீங்க திரும்ப ஆன் பண்ணாம எடுத்துட்டு வந்தீங்க பாருங்க, அதுவே பெரிய உதவி. ஒக்காருங்க."

அப்புறம்தான் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரியாமல் இல்லை.

"வாங்க மேடம். ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். அந்த அம்மா போன பிறகு சொன்னேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. "அன்னிக்கு அழிச்சது நான்தான். தாள்ல தெளிவாத்தான் இருந்தது. நான் பொய் சொன்னேன். உங்க வாழ்க்கையே..."

முதல் முறையாக 'உங்க' என்று சொல்கிறேன் என்பது சொல்லும்போதுதான் உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்தார்.

"வாழ்க்கையெல்லாம் ஒண்ணும் ஆகல மேடம். அந்த சர்டிபிகேட்டை வச்சு யாரும் வேலை தரல. அதான் கடை போட்டேன். அது நல்லாத்தான் போகுது."

"என்னை மன்னிச்சிருங்க."

அதை விட்டுவிட்டு அவர் வேறொன்று சொன்னார்.

"மனு எழுதின பையன் இருக்கான்ல? பரிட்சைக்கு அவனுக்கு வராத புரோகிராமை மத்தியானத்துல நான்தான் ஒக்காத்தி வச்சு சொல்லிக் குடுப்பேன். என்னைக் கிண்டல் பண்ணுவான், தெரியும். ஆனா அக்கா அக்கான்னுதான் சுத்துவான். அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். 'டேய்'னு கூப்பிட்டேன். பாத்தான். பாத்துட்டுப் பாக்காத மாதிரி போயிட்டான்."

கீழே தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீங்கதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும் மேடம். தெரிஞ்சவகிட்டயே வந்து சொன்னா எப்படி? தெரியாதவங்க அறுபது பேரு இருக்காங்க."

டீ சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வற்புறுத்தவில்லை. அடுத்த ஆள் படியேறி வந்துவிட்டார்.

அந்த மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் இன்னும் இருக்கிறேன். ஆசிரியர் தினத்துக்கு எனக்கு வாழ்த்து வரும். திரும்பி வரும் பஸ்ஸில் எழுத ஆரம்பித்தேன். முதலில் 'தொழில்நுட்பத் தவறு' என்று எழுதினேன். அழித்தேன். 'பதற்றத்தில்' என்று எழுதி அதையும் அழித்தேன். 'அப்போது எனக்கு அனுபவம் போதாது' என்பதையும் அழித்தேன். கடைசியில் மிஞ்சியது நாலு வரி. உங்கள் பிராஜெக்ட்டை அழித்தது நான். உடனே சொல்லியிருந்தால் அக்கா பாதியையாவது மீட்டிருப்பார். அவர் ஆதாரத்தோடு சொன்னார், நான் இல்லை என்றேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

அனுப்பினேன். கல்லூரிக்கும் மறுநாள் பதிவுத் தபாலில் இதையே எழுதிப் போட்டேன். அங்கிருந்து இன்னும் பதில் இல்லை.

அன்று பஸ்ஸில் அனுப்பியதும் குழுவில் யாரும் எதுவும் போடவில்லை. படித்தவர்கள் எண்ணிக்கை மட்டும் ஏறியது. பத்து, இருபத்திரண்டு, முப்பத்தொன்பது. பெங்களூரில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், தஞ்சாவூரிலேயே ஒருவர் என்று எல்லோரும் எங்கெங்கோ படித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் மன்னார்குடிக்குள் நுழையும்போது முதல் பதில் வந்தது. மனு எழுதியவன்.

"அக்கா கடை எங்க இருக்கு மேடம்?"

ஊரையும் தெருவையும் போட்டேன். துணிக்கடைக்கு மேலே என்றும் போட்டேன். அவன் எனக்கு வேறு எதுவும் எழுதவில்லை. அதன்பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். நான் போறேன் என்றான் ஒருவன். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது எல்லாருமே போவோம் என்றாள் ஒருத்தி. எத்தனை பேர், எந்த நாள், யார் கார், அக்காவுக்கு என்ன பிடிக்கும் என்று அவர்களுக்குள் பேச்சு வளர்ந்துகொண்டே போனது.

மன்னார்குடியில் மாறி ஏறிய பஸ் தஞ்சாவூர் வந்து நின்று, எல்லோரும் இறங்கிய பிறகும் நான் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. ஏன் மேடம் இப்படிச் செய்தீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நீங்களும் வருகிறீர்களா என்றும் யாரும் கேட்கவில்லை.